ஏழு ஜோடிச் செருப்பு

விருதுநகரில் நான் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் வாசலில் எந்நேரமும் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடக்கும். ஒன்று நான் கடைக்குப் போட்டுப் போவது. மற்றது நீல ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இடது காலின் வார் அறுந்த இடத்தை வெள்ளை நூலால் நெருக்கித் தைத்திருக்கும். எங்கள் பக்கம் வார் அறுந்தால் எல்லோரும் ஓர் ஊக்கை மாட்டிச் சமாளிப்பார்கள். சித்தி மாட்ட மாட்டாள். பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்குள் இரும்புத் துண்டு எதுவும் போகக்கூடாது, கொண்டை ஊசிகூடக் கூடாது. அந்தச் சட்டத்தை முதலாளி மறந்தாலும் சித்தி மறந்ததில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா இறந்த பிறகு, பத்து வயதில் என்னைத் தாயில்பட்டிக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவள். இழுத்துக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. வரமாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கன்னத்தில் இரண்டு வைத்து, விரல்களைப் பிரித்தெடுத்து, பஸ்ஸில் ஏற்றினாள். அவளுக்கு வாயைவிடக் கை முந்தும். பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் அடி, சோற்றை மீதம் வைத்தால் அடி, காய்ச்சலை மறைத்தால் அதற்கும் அடி. அலுமினியப் பொடி ஊறிப்போன கை அது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் சாம்பல் வெள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும். வேலைவிட்டு வந்ததும் அடித்தால் என் கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளியில் பதியும். துடைக்காமல் டியூஷனுக்குப் போன நாளில், “ஒங்க சித்தி கையெழுத்துப் போட்டு அனுப்பிருக்காகளா?” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவளை மனதார வெறுத்த நாட்கள் எனக்கு உண்டு. அதைச் சொல்வதில் என்ன வந்தது.

பட்டாசு அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக்கூடாது. கால் மண் உராய்ந்து பொறி கிளம்பக்கூடாது என்பதால் செருப்பை வாசலுக்குப் பத்தடி தள்ளி, மரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சித்தி வேலைக்குப் போனதும் முதலில் அந்த வரிசையைத்தான் எண்ணுவாள். ஐந்தாவது ஜோடி கிடந்தால் எடுத்துக் கருவேலங்காட்டுக்குள் வீசுவாள். செருப்புக்காரி சண்டைக்கு வந்தால் ஓர் அறை. “காட்டுல போயி செருப்பத் தேடு. வீட்டுல ஒம் பிள்ள ஒன்னயத் தேட வேண்டாம்” என்பாள். கல்யாணமான புதிதில் நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றவளை, இடமில்லை என்று வெளியே தள்ளியிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு குழாயடிக்கு வந்து முகம் கழுவியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தபோது அந்த அறை இல்லை. தன்னை வெளியே தள்ளியவளின் சேலைத்துண்டு தன் தோளில் வந்து விழுந்ததை அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பிறகு கேட்டதற்கு அடித்தாள்.

அவள் அடித்து வளர்த்த நான் மென்பொருள் எழுதுகிறவள் ஆனேன். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் பெங்களூரைக் காலி செய்துவிட்டுச் சித்தி வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டேன். எங்கள் தொழிலில் பேச்செல்லாம் வெட்டுக்குத்துதான். புரோகிராம் நின்றுபோனால் ‘க்ராஷ்’ என்போம், ஓடுவதை நிறுத்த ‘கில் பண்ணு’ என்போம், ஒரு நாளைக்கு இருபது தடவை எதையாவது கொல்வோம். பிறகு டீ குடிப்போம். ஒருநாள் நான் போனில் “அத மொதல்ல கில் பண்ணுங்க” என்று கத்தியதைக் கேட்டுச் சித்தி கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும், “நாங்க பூச்சட்டி, சாட்டை, சங்குசக்கரம்னு பிள்ளைக்குப் பேரு வைக்கிற மாதிரி வச்சுக்கிட்டுச் சாகுதோம். நீங்க கொல்லு கொல்லுன்னு கத்திக்கிட்டு நல்லா இருக்கீக” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன் எங்கள் தெருக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று பதிவு காட்டச் சொல்லி அதிகாரிகள் நெருக்கியதால், என்னிடம் வந்து ஒன்று எழுதித் தரச் சொன்னார். கேட்டில் தொடுதிரை டேப் ஒன்று இருக்கும். அதில் ஆளின் பெயரையும் அறை எண்ணையும் தட்டினால் பதிவாகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தேன். ஐந்தாவது பெயரைத் தட்டினால் திரை சிவந்து, ‘இடமில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். சித்திக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. “எம் மக பெட்டி, மொதலாளியே வந்தாலும் அஞ்சாவது ஆள விடாது” என்று ஊரெல்லாம் சொன்னாள். அதோடு செருப்பு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அதற்குத்தான் பெட்டி இருக்கிறதே.

சீசன் வந்தது. ஒரு மத்தியானம் போர்மேன் போன் செய்தார். “பாப்பா, ஆர்டர் கழுத்த நெரிக்குது. ஏழாம் நம்பர் ரூமுல அட்டப்பெட்டி அடுக்கிக் கெடக்கு, ஒழிக்க ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் அந்த ஆளுகள ஆறாம் நம்பர்ல ஒக்கார வைக்கேன். அஞ்சாவது பேரு தட்டுனா அது பாட்டுக்குப் பக்கத்து ரூம் கணக்குல விழுகுற மாதிரி செஞ்சு குடு.” தப்பு இல்லையா அண்ணே என்று கேட்டேன். கேட்டேன் என்பதுதான் இன்றுவரை எனக்கிருக்கும் ஒரே ஆறுதல், அதுவும் கேவலமான ஆறுதல். “ரெண்டே நாளு பாப்பா, ஒன் அண்ணன் சொல்லுதேன்” என்றார். அடுத்த பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு மீட்டிங். அதற்குள் நான்கு வரிகளை மாற்றி அனுப்பினேன். சிவப்பு போய் பச்சை வந்தது. சித்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும். இருபத்தெட்டு வயதிலும் அந்தக் கைக்குப் பயந்தேன்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. ஓர் அந்திப்பொழுது, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பக்கம் மூன்று விநாடி தாமதமாகத் திறக்கிறதாம். அதற்காக உலகமே இடிந்துவிழுந்த மாதிரி பேசினான். சித்தி கை கால் கழுவிவிட்டு ஈரக்கையோடு மேசை அருகில் வந்து நின்றாள். “ஏட்டி, எங்க ரூமுல ஏழு பேரு ஒக்காந்திருக்கோம். பெட்டி பச்சையாத்தான் காட்டுது. போர்மேன்ட்ட சண்டைக்குப் போனேன். பெட்டியே விடுதுன்னா சட்டம் மாறிருச்சுன்னு அர்த்தம்னுட்டாரு. மாறிருச்சா?” நான் மைக்கை அணைக்கக்கூட இல்லை. அவளைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினேன். போனால் போதும் என்றிருந்தது. “அப்பச் சரி. தப்புன்னா எம் மக பெட்டி விடுமா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அன்று எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து என் கீபோர்டில் கொட்டியது. எங்கள் ஊரில் யாரும் என்ன சத்தம் என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். புகை எழும்பிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை விரட்டினேன். ஆறாம் நம்பர் அறை இருந்த இடத்தில் செங்கல் மேடு. இன்னும் சடசடவென்று உள்ளே வெடித்துக்கொண்டிருந்தது. முதலில் இழுத்துப் போட்டவர்களைச் சேலையால் மூடியிருந்தார்கள். சேலைக்கு வெளியே தெரிந்த கால் யாருடையது என்று தெரியாமல் நான்கு குடும்பங்கள் அதன்மேல் விழுந்து அழுதன. கருவேல மரத்தில் ஒரு கை வளையலோடு தொங்கியது. கண்ணாடி வளையல், உடையவில்லை. இதை எழுதாமல் விடலாம் என்று பலர் சொன்னார்கள். விட முடியாது, நான் பார்த்தேன்.

தீயணைப்புக்காரர் கையில் டேப் இருந்தது. என் டேப். “ஆறாம் நம்பர் நாலு பேரு, நாலும் எடுத்தாச்சு” என்று சொல்லித் தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். ஏழாம் நம்பரில் பதிவான மூன்று பேரும் அங்கே இல்லை. சுவர்கூட விழாத அறை என்பதால், வெடித்ததும் காட்டுக்குள் ஓடியிருப்பார்கள் என்று முடிவு கட்டினார்கள். வழக்கமாக ஓடுவார்கள்தான். அந்த மூன்று பெயரில் ஒன்று சித்தியுடையது. காலையில் எனக்குத் தோசை ஊற்றி வைத்துவிட்டுத் தாமதமாகப் போனதால் அவள் ஐந்தாவது ஆள். நான் மரத்தடிக்கு ஓடினேன். வரிசை கலைந்திருந்தது, ஆனால் செருப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜோடி சேர்த்தேன். ஏழு. வெள்ளை நூல் தைத்த ஜோடியும் அதில் இருந்தது. “ஏழு பேரு உள்ள! ஏழு பேரு!” என்று கத்தினேன். தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. மறுபடியும் தோண்டினார்கள். இரண்டு பேருக்கு உயிர் இல்லை. சித்திக்கு இருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் போர்மேனைத் தேடினேன். கேட்டருகே தரையில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சித்தியின் செருப்பாலேயே அவரை அடித்தேன். முகத்தில், தலையில், தோளில், கை ஓயுமட்டும் அடித்தேன். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது, யாரும் தடுக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை. உதட்டிலிருந்து ரத்தம் வழிய, “அடி பாப்பா. கடைசியா தோண்டுனதுல எந் தங்கச்சியும் இருக்கா. அடி. ஆனா பச்ச காட்டுனது ஒன் பெட்டிதான?” என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் சித்தி மூன்று நாள் இருந்தாள். முகம் தவிர எல்லா இடமும் வெள்ளைத் துணி. இரண்டாம் நாள் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். வலியைப் பற்றிக் கேட்பாள், தண்ணீர் கேட்பாள் என்று குனிந்தேன். “ஏட்டி, சட்டம் மாறலையா?” என்றாள். இந்த முறை என் காதில் ஹெட்செட் இல்லை. இல்லை சித்தி, மாறவில்லை, நான்தான் மாற்றினேன் என்றேன். அவள் வலது கை துணிக்கட்டோடு மெத்தையிலிருந்து மேலே எழும்பியது. நான் கன்னத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அடி சித்தி, அடித்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தக் கை என் கன்னத்தைத் தொட்டு, அங்கேயே சிறிது நேரம் இருந்து, கீழே இறங்கிவிட்டது. அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

போர்மேன் கைதானார், முதலாளி தலைமறைவானார். டேப்பில் இருப்பதை அழித்துவிடு, உனக்கு ஒன்றும் வராது என்று முதலாளி தரப்பில் ஆள் அனுப்பினார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போய், எந்த நாளில் எந்த நான்கு வரிகளை மாற்றினேன் என்று காட்டி எழுதிக் கொடுத்தேன். வழக்கில் என் பெயரும் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் நான் தலையாட்டியதையும் சொன்னபோது இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டார். “அதெல்லாம் இதுல வராதும்மா” என்றார். அவர் காகிதத்தில் வராததால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். மூன்று விநாடித் தாமதத்துக்கு இப்போதும் யாராவது கத்துகிறார்கள். வாசலில் கொரியர்காரர் வந்தால் செருப்புகளைப் பார்த்துவிட்டு, “வீட்ல இன்னொருத்தங்க இருக்காங்கள்ல, அவுங்க கையெழுத்துப் போட்டாலும் போதும்” என்பார். நான் எழுந்து போய்க் கையெழுத்துப் போடுவேன். கதவைச் சாத்துமுன் ஒருமுறை எண்ணுவேன். வெளியே இரண்டு ஜோடி. உள்ளே நான் ஒருத்தி.