கதவுக்கு அந்தப் பக்கம் என் அம்மா

என் சித்தி மகளுக்கு என்று ஓர் அறை உண்டு. அந்த அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். விருதுநகரில் சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் படுவது அந்தத் தாழ்ப்பாள்தான். சித்தியே அதற்குப் பிறகுதான். விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் கதவு என்றால் வாசல் கதவு ஒன்றுதான். பகலில் அதைச் சாத்தினால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெருவே விசாரிக்க வந்துவிடும்.

அவள் என்னைவிட மூன்று மாதம் சின்னவள். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் அக்கா என்பாள். ஒரே பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தோம். மார்க்கில் எப்போதும் நான்தான் மேலே. அதைச் சொல்லிக்கொள்ள வேறு இடம் கிடைக்காது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெருநகரத்தில் மெட்ரோ ரயில் ஓட்டப் பயிற்சி ஓட்டுநர்கள் தேவை என்று விளம்பரம் வந்ததும் இருவரும் விண்ணப்பித்தோம். ஆன்லைன் தேர்வில் இருவரும் தேறினோம். அடுத்தது வீடியோ நேர்காணல் என்று இருவருக்கும் மெயில் வந்தது.

எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி யாரும் இல்லை. திரையில் கேள்வி எழுத்தாக வரும். யோசிக்க அரை நிமிடம். பிறகு கேமரா தானாகவே பதிவுசெய்யத் தொடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லி முடிக்க வேண்டும். உளறினால் உளறியதுதான், திருத்த முடியாது. அதுவரை நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது நம் முகம் மட்டும்தான்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகம். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் அங்கே பேப்பர் வெட்டும் மெஷின் ஓயாது. அந்தச் சத்தத்தில் நேர்காணல் கொடுத்தால், இந்தப் பெண் ஏற்கெனவே ரயிலில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் அந்தத் தாழ்ப்பாள் போட்ட அறைக்கே நான் போக வேண்டியதாயிற்று. ஒரு வாரம் தினமும் பஸ் ஏறினேன். பாதி வழியில் வரும் ஆமத்தூர் வரை அவளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று முயற்சி செய்வேன். அதைத் தாண்டியதும் வயிறு எரியத் தொடங்கிவிடும்.

அவளிடம் முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு இருந்தது. பின்னால் படம் எதுவும் மாட்டாத வெளிர்நீலச் சுவர் இருந்தது. தடுக்காமல் வரும் ஆங்கிலம் இருந்தது. என்னிடம் நல்ல சட்டை இல்லை என்று தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தோளில் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை, வீடியோவில் தெரியாது என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, போனில் படம் எடுத்துப் பழகினோம். ஒருநாள் அவள் கேட்ட கேள்வி இது. ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு பெட்டியில் புகை வருகிறது, முதலில் என்ன செய்வாய்?

நான் யோசிக்கவே இல்லை. “ஓடிரணும்,” என்றேன்.

போன் ஆடும் அளவுக்குச் சிரித்தாள். “என்னடி, டிரைவரே எறங்கி ஓடிட்டா உள்ள இருக்கவங்க என்ன செய்வாக?”

எங்கள் ஊரில் பட்டாசு வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புகை என்றால் ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, எதையும் அணைக்கப் பார்க்கக் கூடாது, யாரையும் தேடக் கூடாது. வேலை நடக்கும் அறையின் கதவு வெளிப்பக்கம் திறப்பதும், வாசலில் ஒரு பெட்டிகூட வைக்க விடாமல் போர்மேன் கத்துவதும் அதற்காகத்தான். அவள் சிரித்த கோபத்தில் அம்மா தப்பித்த கதையை அவளிடம் சொன்னேன். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வேலை பார்த்த அறையில் தீப்பற்றியது. அம்மா திரும்பிப் பார்க்காமல் ஓடினார். செருப்பில்லாமல் ரோடு வரை ஓடிவந்துதான் நின்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த அக்கா ஒருவருக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. முதுகில் தீக்காயத்தோடு அவரும் வெளியே வந்துவிட்டார். அதற்காக அவர் அம்மாமேல் வருத்தப்பட்டதே கிடையாது. இன்றைக்கும் இருவரும் ஒரே வேனில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

சின்னவள் சிரிப்பதை நிறுத்தினாள். பெரியம்மா இதையெல்லாம் தன்னிடம் சொன்னதே இல்லையே என்றாள். அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

பதிவு செய்யும் நாளில் சித்தி எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபம் செய்தார். ஜெபத்திலும் அவள் பெயர்தான் முதலில் வந்தது. பெற்ற தாய் வேறு எப்படிச் செய்வார் என்று கேட்பீர்கள். நியாயம்தான், ஆனால் எனக்கு உறுத்தியது. சித்தி பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ். அவசரம் என்று போன் வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிடும். சின்னவளுக்குக் காய்ச்சல் அடித்த பல நாள் அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறார். அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதும் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

முதலில் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். யாரும் கதவைத் தட்டிவிடாதபடி நான் வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். குக்கர் விசில் அடித்துவிடக் கூடாது என்று சித்தி சமையலறையில் காவல் இருந்தார். உள்ளே அவள் ஆங்கிலம் தங்குதடையில்லாமல் ஓடியது. சிறிது நேரத்தில் “மை மதர்” என்று ஆரம்பித்தாள். சித்தியின் ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது பட்டாசு ஆலை. தன் தாய் அங்கே தொழிலாளி என்றாள். ஒருநாள் அறையில் தீப்பிடித்தது என்றாள். எல்லோரும் ஓடினார்கள், தன் தாய் மட்டும் திரும்பிப் போய், எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் என்றாள். அந்தத் தாயிடம்தான் பொறுப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன் என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

கதவை உடைத்துவிடலாமா என்று இருந்தது. அறை இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நர்ஸ் அம்மா இருக்கிறார். அத்தனையும் போதாமல் என் அம்மாவையும் எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் உள்ளபடியே சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் எதற்குப் பொறாமைப்பட்டேன் தெரியுமா? அவள் சொன்ன அந்த அம்மாவுக்குத்தான். தீக்குள் திரும்பிப் போன அந்த அம்மாவின் மகளாக ஒரு நிமிடம் நான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன்.

வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா வந்துச்சுக்கா,” என்றாள். அன்றைக்கு அக்கா.

அடுத்து நான் உள்ளே போனேன். எனக்கும் அதே கேள்வி வந்தது. ஆபத்து நேரத்தில் பொறுப்பாக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் சொன்னதையே சொன்னால் இரண்டு பேருக்கு ஒரே அம்மா என்று ஆகிவிடும். இருந்ததைச் சொன்னேன். என் அம்மா ஓடினார், அங்கே அதுதான் சரி என்றேன். ரயிலில் பின்னால் இருப்பவர்களால் ஓட முடியாது, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியவள் நான், அதனால் நான் ஓடக் கூடாது என்றேன். எனக்கு முதலில் வருவது ஓட்டம்தான், நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. மீதி நேரம் முழுக்க, தோளைப் பிடிக்கிற சட்டையோடு என் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பால்கோவாப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, “பெரியம்மா, ஒங்களாலதான் கெடைச்சது,” என்றாள். “நான் என்ன செஞ்சேன்?” என்று அம்மா கேட்டார். அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். நான் விடவில்லை. தீக்குள்ளே திரும்பிப் போய் அந்த அக்காவை நீங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தீர்களாம், அதைச் சொல்லித்தான் இவள் வேலை வாங்கினாள் என்று போட்டு உடைத்தேன்.

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு விள்ளல் எடுத்து அவள் வாயில் ஊட்டினார். பிறகு என்னைக் கைகாட்டிச் சொன்னார்.

“நான் எங்கன தாயீ திரும்புனேன்? திரும்பவே இல்லையே. இவ ஸ்கூல் விட்டு வர்ற நேரம். என்னைய விட்டா இவளுக்கு யாரு இருக்கா?”

சின்னவள் பால்கோவாவை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதுநாள்வரை அது என் முகத்தில்தான் இருந்தது.