‘போதும்’ என்று ஒரு பொத்தான்

சென்ற வருடம் மழை ஓய்ந்து, ரப்பர் தோட்டங்களில் மறுபடி பால்வெட்டு தொடங்கியிருந்த சமயம். நான் பாறசாலையில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மும்பையில் ஓட்டல், கொல்லத்தில் மீன்பிடிப் படகு, மஸ்கட்டில் ஏசி வேலை என்று சுற்றிவிட்டு அங்கே வந்திருந்தேன். எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியது கிடையாது.

வீட்டுக்கார அண்ணன் ஆட்டோ ஓட்டுபவர். வாய் ஓயாத மனிதர். சவாரி இறங்கிய பிறகும் ஆளை நிறுத்திவைத்து மீதிக் கதையைச் சொல்லி முடித்துத்தான் அனுப்புவார். ஒருநாள் காலையில் குளிக்கப் போனவர் குளிமுறியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லவோ எழுதிக் காட்டவோ வரவில்லை. ‘ஆ’ என்று ஒரே சத்தம். தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், தண்ணீர், விசிறி, தலையணை என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிப் பார்ப்பார்.

கடையில் ஆள் வராத நேரங்களில் வீடியோ பார்த்து ஆப் செய்யப் பழகிக்கொண்டிருந்தேன். படத்தைத் தொட்டால் அதற்குரிய வார்த்தை கேட்கிற மாதிரி ஆப் ஒன்றின் சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரல், இணையத்தில் கிடைத்தது. ஒரே கோடு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும் என்று எழுதியிருந்தார்கள். எழுதுவது சுலபம். கோடு பழையது, என் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் புதியது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள். எனக்குப் புரியாத ஆங்கிலத்தை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடி, ஒரு பிழையைத் தீர்த்தால் அடுத்தது வரும். ஒருவழியாக என் ஆண்ட்ராய்டு போனில் ஓடியது. ஆனால் அண்ணனிடம் இருந்தது, மகள் குவைத்திலிருந்து அனுப்பிய ஐபோன். அதற்கு மேக் கம்ப்யூட்டர் வேண்டும். நெய்யாற்றின்கரையில் கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் தன் மேக் லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தார். ஆப்பிளின் இலவசக் கணக்கில் போடும் ஆப் ஒரு வாரம்தான் திறக்கும். அதனால் வாராவாரம் அந்த லேப்டாப்பைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, திரும்ப ஏற்றவேண்டும்.

ஆங்கில வார்த்தைகளை எடுத்துவிட்டு அக்காவின் குரலைப் பதிவுசெய்தேன். அங்கே தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளம், கஞ்சி, வலி, கக்கூஸ், ஃபேன், ‘திருப்பிப் படுக்கணும்’. அண்ணன் இடது கட்டைவிரலால் முதன்முதலாக வெள்ளத்தைத் தொட்டு, வந்த தண்ணீரைக் குடித்தபோது அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

அந்த வாரமே கோளாறு தொடங்கியது.

“வெள்ளம் கேக்காரு, கொண்டுபோனா தட்டி விடுதாரு. கஞ்சி கேக்காரு, வாயத் தொறக்கமாட்டாரு. ஒனக்க ஆப்புக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு மக்கா” என்றார் அக்கா.

விரல் நடுக்கத்தில் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிடுகிறார் என்று நினைத்தேன். படங்களைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டு, மறுபடி பில்ட் செய்து ஏற்றினேன். அப்புறமும் அதேதான். ஒருநாள் லீவு போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். காலையில் ஒரு தவறும் இல்லை. கேட்டதைக் குடித்தார், கேட்டதைத் தின்றார். மாலையில் சபையிலிருந்து ஜெபக்குழு வந்தது. நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தினமும் வந்து ஜெபிப்பது அங்கே வழக்கம். பாட்டு முடிந்து, கட்டிலைச் சுற்றி நின்று, உபதேசியார் உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார். அது நீண்டது. அண்ணன் போனை எடுத்தார். வெள்ளம், வெள்ளம், கஞ்சி, வலி, ஃபேன். அக்கா ஓடி ஓடிக் கொண்டுவந்தார். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மும்பையில் ஒரு தடவை காய்ச்சலில் தர்ம ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமல் கிடந்திருக்கிறேன். தண்ணீர் கேட்கச் சைகை உண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு வந்து மணிக்கணக்கில் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வழி இருக்கவில்லை. அது நினைவுக்கு வந்ததும் ஆப்பில் கோளாறில்லை என்று தெரிந்துவிட்டது. நாங்கள் வைத்த படங்கள் எல்லாம் எதையாவது கேட்பதற்கு. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

விரித்த உள்ளங்கைப் படம் ஒன்றைச் சேர்த்தேன். அதற்குக் குரல் கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை.

“ஜெபிக்க வாறவங்கள நிறுத்துன்னு நான் சொல்லுவேனா? எனக்க வாயில வராது. அவரும் அப்பிடி நினைக்கமாட்டாரு.”

“நினைக்கலேன்னா தொடமாட்டாருல்லா அக்கா” என்று சொல்லி, என் குரலிலேயே பதிவுசெய்தேன்.

அடுத்த ஜெபம் நடுவில் இருந்தபோது, ‘போதும், நிறுத்துங்க’ என்று என் குரல் அறைக்குள் கணீரென்று கேட்டது. உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“எலே, நீயாக்கும் பேசினது?” என்றார் உபதேசியார்.

“கொரல்தான் எனக்க. பேசினது அண்ணனாக்கும்” என்றேன்.

நம்பாதவர்போல அவர் கட்டிலைப் பார்த்தார். அண்ணன் நிதானமாக விரலை வைத்தார். ‘போதும், நிறுத்துங்க.’

உபதேசியார், “பண்டே இவன் பிரசங்கத்துக்கு நடுவுல எந்திச்சுப் போறவனாக்கும்” என்று சொல்லி ஆமென் போட்டார். அண்ணனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அதற்குப்பின் ஜெபக்குழு வாரம் ஒருமுறை வந்தது, சுருக்கமாக ஜெபித்தது. ஆனால் அண்ணன் அந்தக் கைப் படத்தை அதோடு விடவில்லை. அக்கா கஞ்சி ஊட்டும்போது இரண்டு கரண்டி அதிகமானால் தொடுவார். டிவி சீரியலுக்குத் தொடுவார். ஒருநாள் பின்னறையில் படுத்திருந்தபோது அக்காவின் சத்தம் கேட்டது. “போதும் போதும்னா, நான் எதுக்கு விடியக்காலம் எந்திச்சுக் கஞ்சி காய்ச்சினேன்? திமிரு பாத்தியா மனுசனுக்கு.” பதிலுக்கு என் குரல். உடனே அதற்கும் மேலாக அக்காவின் சத்தம். அண்ணன் விழுந்த நாளிலிருந்து அக்கா அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலத்தான் பேசிவந்தார். அன்றுதான் புருஷனிடம் சண்டை போட்டார்.

அடுத்த மழைக்கு முன் நான் அந்த ஊரை விட்டுவிட்டேன். அந்த ஸ்டுடியோக்காரருக்கு ஆப் ஏற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். அவர்தான் இப்போது வாராவாரம் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். எங்கே இருந்தாலும், படுத்துக்கிடக்கும் ஒருவருக்கு எதையாவது கொண்டுபோய் நீட்டும்போது, அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.