மேனுகா எண்ணிய பதினான்கு நாட்கள்

கணித ஆசிரியரே இல்லாத வருடத்தில் பழுகாமத்துப் பாடசாலையிலிருந்து கணிதத்தில் ஏ சித்தி. மூன்றாம் தடவை எழுதிச் சட்டக் கல்லூரி அனுமதி. மட்டக்களப்பு நகரில் சொந்தச் சட்டக் கந்தோர். எதிர்ப்பக்கம் மூன்று சட்டத்தரணிகள் நின்ற ஒரு காணி வழக்கு. இவ்வளவும் என் தங்கை மேனுகா வென்றவை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஊரில் எனக்குப் பெயர் "லோயர்ட அக்கா."

வழக்குத் தவணைகளை அவள் எங்கள் குசினிக் கலண்டருக்கு முன் நின்றுதான் எண்ணுவாள், பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு. இன்று காலையும் எண்ணினாள். போனைப் பார்க்கலாமே என்றால், "போன் எண்ணும். பிழைச்சாக் கோட்டில போனோ நிண்டு பதில் சொல்லும்?" என்பாள்.

சோறு தின்பதும் நின்றுகொண்டுதான். வழக்குக் கட்டுகளுக்கு அவள் போடும் முடிச்சு வாசலைத் தாண்டுமுன் அவிழும். நான் போடுவது அவிழாது; அதை யாரும் கவனித்ததில்லை. அவளுடைய கறுப்புக் கோட்டைச் சுருக்கம் போக மினுக்குவதும் நான். ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். தோள் எனக்குத்தான் அளவாக இருந்தது.

சின்னத்தங்கம் என்ற விதவையின் ஒன்றரை ஏக்கர் வயல் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்; ஞாயிறும் அரச விடுமுறையும் கணக்கில்லை. கோயில் தேருக்காக என் மகளின் பாடசாலைக்கு விட்ட லீவை நான் கலண்டரில் சிவப்பு வட்டமிட்டிருந்தேன். மேனுகா அதையும் அரச விடுமுறை என்று கழித்து எண்ணினாள். ஒரு நாள் பிந்திவிட்டது. இனி, பிந்திய காரணத்தைச் சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுத்து, மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் வயல் கைமாறும்.

மேனுகா ஆளனுப்பிச் சின்னத்தங்கத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஏச்சு விழும் என்று தேத்தண்ணியோடு கதவடியில் நின்றேன். கேட்க ஆசையாகவும் இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் எண்டு எழுதன் புள்ள. டொக்டர்ட துண்டும் எடுக்கலாம்," என்றார் சின்னத்தங்கம்.

"நான் சொன்ன நாளைக்கு வந்து, சொன்ன இடமெல்லாம் கையெழுத்து வச்சிட்டுத்தானே போன நீங்க. பிழை என்ட. அப்பிடித்தான் எழுதுவன்."

"எழுதினா உனக்கு ஒண்டும் வராதா?"

"வரும்."

"வயல் போனா நான் ஆர்ட வயல்லயும் கூலிக்குப் புல்லுப் பிடுங்குவன். உனக்குக் கோட்டுப் போனா?"

"மறுகா உங்களுக்குப் பக்கத்து வரம்பில நானும் நிக்கிறன்."

சின்னத்தங்கம் சிரித்துவிட்டார். சிரித்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வயலைத் தவறவிட்டவளின் கை அது. இருபது வருடமாகக் கலண்டரில் ஒரு திகதியும் தவறவிடாத என் கையில் ஆறிய தேத்தண்ணி.

அன்று மாலை மேனுகாவிடம் சொன்னேன்: "வட்டம் போட்டது நான் எண்டும் அதில எழுது."

"எதுக்கு?"

"கலண்டர் என்ட."

"கலண்டர் உங்கட. வழக்கு என்ட, அக்கா."

பிழையில்கூட எனக்கு ஒரு பங்கு தரவில்லை.

அவள் ஒரு சத்தியப்பிரமாண ஆணையாளரும்கூட. நூற்றுக்கணக்கானோர் அவள் முன் சத்தியம் செய்து ஒப்பமிட்டிருக்கிறார்கள். கீழே அத்தாட்சிக்கு மட்டும் அவள் ஒப்பமிடுவாள். தன்னுடைய சத்தியக்கடதாசிக்குத் தானே அத்தாட்சியாக முடியாது. பக்கத்துக் கந்தோர்ச் சட்டத்தரணி வினாயகமூர்த்தி ஐயாவும் ஆணையாளர்; அவரிடம் போனாள். வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன்.

"வாசிச்சு விளங்கித்தானே கையெழுத்து வைக்கிற?" என்று வழமைப்படி கேட்டார் அவர்.

"ஓம் ஐயா."

கட்சிக்காரர் இருக்கும் கதிரையில் இருந்தாள். நாட்களைப் பிழையாக எண்ணியது தானே என்ற வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு, சத்தியம் செய்பவருக்கென்று விட்டிருந்த இடத்தில், தன் பெயரை முதன்முதலாக ஒப்பமிட்டாள். 2024 ஆகஸ்ட் 23.