பாதி முடி வெட்டிய மாப்பிள்ளை

சித்தப்பாவின் கல்யாணத்தைக் காப்பாற்றியது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. குடும்பத்தில் யாரும் இதைச் சரியாக ஒப்புக்கொள்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தப்பா கல்யாணங்களில் படம் எடுப்பவர். நடுங்கும் மாப்பிள்ளைகளை "ரிலேக்ஸ் லா பிரதர், சிரிங்க" என்று அதட்டியே பேர் வாங்கியவர். அவருக்கே கல்யாணம் என்ற காலையில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த முடிதிருத்தும் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். பத்து மணிக்குக் கிள்ளானில் தாலி கட்ட வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறவனுக்குப் பெண்ணா என்று பெண்ணின் அப்பா இரண்டு வருடம் இழுத்தடித்து, அரை மனதாகத்தான் சம்மதித்திருந்தார். தாமதமாகப் போய் நின்றால் அந்த அரை மனதும் போய்விடும்.

இடது பக்கம் முடிந்து வலது பக்கத்துக்கு மெஷின் வந்தபோது கரண்ட் போனது. தெரு முழுக்கவே இல்லை. கண்ணாடியில் ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் மூன்று மாதம் முடி வெட்டாதவர். இடது பக்கம் போல் முடியைப் படிப்படியாகக் குறைக்கக் கத்தரியால் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"கார் பேட்டரில ஒயர் கொடுத்து ஓட்டுங்க அங்கிள்" என்றேன்.

"அது டிசி, பாப்பா. ஒரே பக்கமாத்தான் போகும். இந்த மெஷினுக்குள்ள காந்தம் இருக்கு. கரண்ட் முன்னயும் பின்னயும் மாறி மாறி வந்தாத்தான் கத்தி ஆடும். அதுக்கு வீட்டு கரண்ட் வேணும், ஏசி."

சித்தப்பா மணியைப் பார்த்தார். அப்போதுதான் கார் சீட்டுக்குக் கீழே இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. கேமரா பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய அவர் வைத்திருந்த இன்வெர்ட்டர். அதைத் தொட்டதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

"சித்தப்பா, அந்தப் பெட்டில வீட்டு கரண்ட் வருதுன்னுதானே என்னைத் திட்டினீங்க?"

பேட்டரியின் டிசியை ஏசியாக மாற்றுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. பதற்றத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது. அடுத்த நிமிடம், கடை வாசலில் நின்ற காரின் முன்சீட்டில், கதவைத் திறந்து வைத்து, கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் வழக்கத்தைவிடச் சத்தமாக உறுமியது. மோனோரயிலில் இறங்கி வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். பூக்கடை ஆன்டி, "காதுகிட்ட இன்னும் கொஞ்சம் லா" என்று மேற்பார்வை செய்தார். கடைசி முடி விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அது எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சித்தப்பா மண்டபத்தில் பட்டு வேட்டியோடு நின்றார். பெண்ணின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தாலியை எடுத்தபோது சித்தப்பாவின் கை நடுங்கியது. எவ்வளவு கனமான கேமராவைப் பிடித்தாலும் ஆடாத கை அது. முடிச்சுப் போட முடியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து, அம்மாவிடம் விளக்கினேன். "மெஷின்லேர்ந்து ஏறினதும்மா. அது ஏசி கரண்ட் இல்லியா, முன்ன பின்ன போகும். கொஞ்ச நேரத்துல இறங்கிரும்."

பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற வருடம் என் கல்யாணத்தில், மாலையை எடுத்த என் கையும் அதே மாதிரி நடுங்கியது. அன்று நான் எந்த மெஷின் பக்கமும் போகவில்லை.