குலுக்காத போத்தல்

சாயம் போடாமல் நிறம் வரவைப்பது எங்கள் தொழில். பெரும்பாலான நாட்களில் நிறமும் வராது, நித்திரையும் வராது. ஆய்வுகூடத்தில் மாட்டுப்பட்ட என் போன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோல் போர்த்துவோம். எல்லாம் ஒரே அளவாக இருந்து ஒழுங்காக அடுக்குப்பட்டால், வெளிச்சம் பட்டதும் மயிலிறகு மாதிரி நிறம் காட்டும். விசயதசமியன்று வெளிநாட்டு மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். அன்றைக்கு நிறம் காட்டாவிட்டால் ஆராய்ச்சித் திட்டத்துக்கும் என் பட்டப்படிப்புக்கும் சேர்த்தே மூடுவிழா என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கிணற்றுத் தண்ணீர்

செய்த துகளைக் காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவவேண்டும். கடைசிக் கழுவலுக்கு அது போதாமல் போய்விட்டது. பண்டத்தரிப்புக் கிராமத்தில் பிறந்தவளுக்குக் கிணற்றுத் தண்ணீர் மேல் உள்ள நம்பிக்கை சொல்லி மாளாது. குடிக்கிற தண்ணீர்தானே என்று கிணற்றுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில்களின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு என் துகளை மட்டும் சும்மா விடுமா? கண்ணெதிரே எல்லாம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன. எல்லாரும் கனகண்ணை என்று கூப்பிடும் ஆய்வுகூட உதவியாளர் கண்ணாடி முகவைக்குள் எட்டிப் பார்த்தார்.

"திரைஞ்சு போச்சு, பிள்ளை. வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டா மோராக் குடிக்கலாம்."

நல்ல வெள்ளை

மிஞ்சியது முதலே கழுவி வைத்த ஒரு சின்னப் போத்தல் துகள். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசினேன். யன்னலடியில் காயவைத்தால் காற்று அடித்து வெடித்தது. சூடாக்கிக் காயவைத்தால் பொருக்காகக் கழன்றது. நிறம் மட்டும் எதிலும் இல்லை. துகள் அடியில் தங்கினால் கெட்டுப்போகும் என்ற பயம் வேறு. காலையில் வந்ததும் முதல் வேலையாகப் போத்தலை நன்றாகக் குலுக்கி வைப்பேன்.

பேராசிரியர் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சுவருக்கு அடிக்க நல்ல வெள்ளை, பிள்ளை."

படத்துக்கு முன்னால்

நவராத்திரியில் சரஸ்வதிக்குரிய நாட்கள் தொடங்கியதும், கனகண்ணை தராசையும் நுணுக்குக்காட்டியையும் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார். கூடவே என் போத்தலையும் கொண்டுபோய், சந்தனமும் குங்குமமும் வைத்து நடுவில் இருத்திவிட்டார். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே போத்தல்!

"அண்ணை, நிறம் காட்ட வேண்டிய சாமான் உது. தாங்கோ!" என்று கெஞ்சிப் பார்த்தேன். பேராசிரியரிடம் ஓடினேன், அவர் பூசை விசயத்தில் தலையிட விரும்பாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். சரஸ்வதியோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கனகண்ணை சொன்னதுதான் காதுக்குள் நின்றது.

"பூசைக்கு வைச்சதை இடையிலை தொடக் கூடாது, பிள்ளை. விசயதசமியண்டு விடிய எடு."

விசயதசமி

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். பூசை முடிந்து கனகண்ணை போத்தலைத் தந்தார். பழக்கதோசம், குலுக்கக் கையை உயர்த்திவிட்டேன். "ஐயோ, பொறு பிள்ளை! அடியைப் பார்!" என்று கத்தினார்.

அடியில் பச்சை. சரித்தால் சிவப்பு. ஒருவரும் தொடாமல் விட்ட நாட்களில் துகள்கள் தன்பாட்டில் மெதுவாக இறங்கி, வரிசையாக அடுக்குப்பட்டிருந்தன. இது பழைய முறைதான். அவசரத்தில் பேராசிரியருக்கும் எனக்கும் நினைவே வரவில்லை. நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

மதிப்பீட்டாளர்கள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்த்தார்கள். திட்டம் தொடரலாம் என்று தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் போத்தலில் இருந்த குங்குமப் பொட்டைக் காட்டி, இது என்ன குறி என்று கேட்டார். பேராசிரியர் சிரிக்காமல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கனகண்ணைக்கு அதையே தமிழில் சொன்னார்.

"உதுதான் எங்கடை பாதுகாப்பு முறை எண்டு சொன்னனான். உது இருந்தா இந்தப் பிள்ளைகூடக் கை வைக்காது."

துகள் செய்ய எனக்குப் பல்கலைக்கழகம் கற்றுத் தந்தது. செய்த துகளைச் சும்மா விட, சரஸ்வதியே வந்து என் கையைக் கட்டவேண்டியிருந்தது.