ஒண்ணும் இல்லக்கா

போன வாரம் திருப்பதியில் ஆலங்கட்டி மழை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையின் தகரச் சார்ப்புக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒண்டிக்கொண்டு நின்றோம். தகரத்தில் கல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய மொட்டைத்தலைகள் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு காலேஜ் பெண், "வடகண்ட்லு! வடகண்ட்லு!" என்று தெலுங்கில் கூவிக்கொண்டே ரோட்டுக்கு ஓடிக் கை நிறையக் கட்டிகளைப் பொறுக்கி வந்து, யாரென்றே தெரியாத எனக்கும் ஒன்று கொடுத்தாள். வாயில் போட்டிருக்கலாம். அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "ஏமைந்தி அக்கா?" என்றாள். கண்ணில் தூசி என்றேன். கொட்டுகிற மழையில் ஏது தூசி? வாயைத் திறந்து பொய் சொல்ல இப்போதெல்லாம் எனக்கு வராது. வாயை மூடிக்கொண்டு சொல்கிற பொய்தான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா என்று என்னை யாராவது கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆந்திர எல்லைக்குள், பாலசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் எனக்கு ஒரு அக்கா இருந்தாள். எட்டு வயது மூத்தவள். ஆலங்கட்டியைத் தின்னலாம் என்று எனக்குக் காட்டியவளே அவள்தான். அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். அலுமினியத் தவலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். டங் டங்கென்று கல் விழ விழ அவளுக்கு ஒரே சிரிப்பு. உள்ளேயிருந்து நைனா, "தவல நசுங்கிடப் போவுதுடி!" என்று கத்தினார். தலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அள்ளி வந்ததைச் சொம்பில் போட்டு மேலே சர்க்கரை தூவி, "சீக்கிரம் துன்னுடி, கரஞ்சிப் பூடும்" என்றாள் அக்கா. அன்றைக்கு ஊர் மாந்தோப்புகளில் பிஞ்செல்லாம் கொட்டி, அந்த வருஷம் நைனாவுக்கும் அம்மாவுக்கும் காய் பறிக்கிற கூலி வேலையே இல்லாமல் போனது. கரண்டு நாலு நாள் வரவில்லை. அதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு அந்தச் சர்க்கரைதான் ஞாபகம்.

அக்கா ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆறாவதுக்குப் பக்கத்து ஊர்த் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டே நாளில் பையை மூலையில் வீசினாள். "ஜிலேபி புழிஞ்ச மாதிரி கீது அந்த எழுத்து. துன்னலாம், படிக்க முடியாது." நான் அதே பள்ளியில் முட்டி மோதிப் படித்து, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே ஹாஸ்டலில் இருந்தேன். அக்கா ஊரிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, மாமாவும் அவளுமாக எப்படியோ ஒரு ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பைச் சொந்தமாக்கினார்கள். கூடவே நாலு ஆடு.

அவள் போனுக்கு வருகிற மெசேஜெல்லாம் தெலுங்கு. ரேஷன், கரண்டு பில், ரீசார்ஜ், இடிமழை எச்சரிக்கை, அத்தனையும் அவளுக்கு ஜிலேபிதான். அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு உடனே கூப்பிடுவாள். "இன்னாடி எழுதிக்கீது? படிச்சி சொல்லு." ஒரு நாளைக்கு நாலு தடவை. இடி விழும் என்று வரும், அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளக்கும். ஆரம்பத்தில் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். போகப் போக அலுத்துவிட்டது. பார்க்காமலேயே "ரீசார்ஜுக்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நாலு எழுத்து படித்த திமிர், வேறென்ன.

அது மே மாதம். கம்பெனியில் மத்தியான டீ பிரேக், பத்தே நிமிஷம். லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் அக்கா.

"டீ, டிங்கு டிங்குனு வந்துக்கினே கீது. உனுக்கு அனுப்பிக்கீறேன் பாரு. இன்னா அது?"

நான் சமோசா வரிசையில் நின்றிருந்தேன். வரிசை நகர்ந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. ரீசார்ஜு."

"மானம் கொஞ்சம் கருத்துக்கினு வருது, அதான் கேட்டேன். சரி, ஆட்ட ஓட்டிக்கினு தோப்புக்குப் போறேன். நீ எதனா துன்னியா?"

"துன்னுக்கினுதான் கீறேன், வையி."

ஷிப்ட் முடிந்து வந்தபோது மாமாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். ஆலங்கட்டி பிடித்துக்கொண்டதும் அக்கா ஒரு மாமரத்தடியில் ஒதுங்கியிருக்கிறாள். அந்த மரத்தில்தான் இடி விழுந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துதான் அவள் அனுப்பிய மெசேஜைத் திறந்தேன். எங்கள் மண்டலத்தின் பேரே போட்டிருந்தது. இன்னும் நாற்பது நிமிஷத்தில் இடி, ஆலங்கட்டி, மரத்தடியில் நிற்காதீர்கள். நாலே வரி. படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லெல்லாம் கரைந்து, தோப்பு முழுக்க அடிபட்ட காயும் கிழிந்த இலையுமாகக் கிடந்தது.

அவள் போன் மழையில் ஊறிச் செத்துப்போயிருந்தது. அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒன்றையேதான் சொன்னார். "எல்லாருக்கும் மெசேஜு வந்துக்கீது. இவளுக்குத்தான் தெலுங்கு வராதே. பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு இருந்தா, அது படிச்சி சொல்லியிருக்கும்." இன்றைக்கும் போனால் அதையேதான் சொல்கிறார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ அழாத பாப்பா, நீ இன்னா பண்ணுவ?" என்பார். கேட்டாள் மாமா, கேட்டாள் என்று தொண்டை வரைக்கும் வரும். மூன்று வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. வெளியே சொல்வது இதுதான் முதல் தடவை.

அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். ஆடுகளை மாமா விற்றுவிட்டார். நானும் ஸ்ரீசிட்டி வேலையை விட்டுத் திருப்பதிக்கு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் என் போனுக்கு எந்தக் குப்பை வந்தாலும், புடவைத் தள்ளுபடியோ லோனோ ரீசார்ஜோ, கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிடுகிறேன். படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.