ஐயாத்துரை கேட்காமல் போன பாதி

தர்மபுரத்து ஐயாத்துரைக்கு அறுபத்தொரு வயது. இந்த அறுபத்தொரு வருடத்தில் யாராவது சொன்ன ஒரு கதையை அவர் கடைசிவரை கேட்டதாகச் சாட்சி கிடையாது. கதிரையில் இருந்தால் தொடை ஆடும். தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பார். செத்தவீட்டுக்குப் போனாலும் பாடை எழும்ப முதல் அவருடைய சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிவிடும். "உங்கட காலில ஆர் சுடுதண்ணி ஊத்தினது?" என்று மனைவி நேசமலர் முப்பத்தைந்து வருடமாகக் கேட்கிறாள். பதில் சொல்ல அவர் நின்றால்தானே.

இப்படிப்பட்ட மனிதரை இருத்தி வைத்தது மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் ஒன்றுதான். மாசியில் வெட்டுமெசின் வயலில் இறங்கி, நெற்சுணைத் தூசி காற்றில் ஏறினால் அவருடைய நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொடுத்திருந்தார்கள். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பம்ப் பழகினால் சாகும்வரை விடாது என்று மாங்குளம் சந்தியில் யாரோ சொன்னார்களாம். அதையும் பாதிதான் கேட்டிருப்பார்.

இந்த மாசியில் இழுப்புக் கூடி, நேசமலர் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். தன்னுடைய பிறசர் குளிசைக்காக அவள் மருந்து வரிசையில் நிற்க, இவர் மட்டும் உள்ளே போனார். டொக்டர் யதுர்ஷிகா வயல்காரர் வீட்டுப் பிள்ளை. ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் சொன்னார்.

"ஐயா, மூச்சுக்குழாயைச் சுத்தி மெல்லிய தசை இருக்கு. சுணை உங்களுக்கு ஒத்துவராது. அது உள்ளுக்குப் போனா உடம்பு குழம்பி, தசைக்குள்ள கல்சியம் கூடும். கூடினா தசை இறுகும், குழாய் ஒடுங்கும். கல்சியம் போறதுக்கெண்டு தசையின்ர சுவரில வாய்க்கால் இருக்கு. உங்கட மனுசி போடுற பிறசர் குளிசைகூட அப்பிடியான ஒரு வாய்க்காலைப் பூட்டுறதுதான்..."

வாய்க்கால் என்ற சொல் காதில் விழுந்ததும் ஐயாத்துரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். துருசுக் கதவைப் பூட்டினால் வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்றுவிடும். இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்? மூன்று மணிக்கு வேறு வெட்டுமெசின் வருகிறது. "விளங்கீற்றுது பிள்ளை" என்று எழும்பினார். "இருங்கோ ஐயா, நான் இன்னும் முடிக்கேல்ல" என்று டொக்டர் சொல்லும்போது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

அன்றிலிருந்து நேசமலரின் குளிசை உறையிலிருந்து நாளுக்கொன்று ஐயாத்துரையின் வாய்க்குள் போனது. சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம். சொன்னால் ஏன், எதற்கு, டொக்டர் சொன்னவாவோ என்று நூறு கேள்வி வரும், நின்று பதில் சொல்லவேண்டும். ஒரு கிழமையில் இழுப்புக் குறைந்தது. அறுவடை முடிந்து சுணை அடங்கியதால் குறைந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குளிசை கேட்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டார். எழும்பும்போது தலை சுற்றியதையும் கணுக்கால் வீங்கியதையும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் பதினைந்து நாள் இருக்க, உறை காலியானது.

"நான் ரண்டு தரம் போட்டிருக்கிறன் போல," என்றாள் நேசமலர். சொல்லும்போதே முகம் வெளிறியது. அவளுடைய தாய் கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "நீ ஆர் பிள்ளை?" என்று கேட்டவர். குளிசை போடப் போட குசினிக் கலண்டரில் கோடு இழுத்து வந்தவள் நேசமலர். கோடுகள் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் அவள் கோட்டை நம்பவில்லை, தன் மூளையைச் சந்தேகித்தாள். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்தாள். பேரப்பிள்ளைகளின் பெயர்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மறதிக்காரி என்று தெரிந்துவிடும் என்ற பயத்தில், திகதிக்கு முதல் போய்க் குளிசை கேட்கவும் மறுத்துவிட்டாள்.

இதையெல்லாம் ஐயாத்துரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிடலாம் என்று குசினி வாசல்வரை போவார், மாடு கத்துகிறது என்று திரும்பிவிடுவார். வரம்பில் நடப்பார். சைக்கிளை எடுத்துச் சந்திவரை போய்ச் சும்மா வருவார். மற்ற எல்லாவற்றுக்கும் பறக்கிற மனிதருக்கு இந்த ஒரு வசனத்துக்கு நாக்கு எழும்பவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

கிளினிக் நாளன்று நேசமலருக்குப் பின்மண்டை இடித்தது. பிறசர் பார்த்த தாதி இன்னொரு தரம் பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டார். இருநூறைத் தாண்டியிருந்தது. உடனே கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

"அம்மா, குளிசை ஒழுங்காப் போடேல்லையோ?"

"போட்டனான் பிள்ளை. மறந்துபோய் ரண்டு ரண்டு தரம் போட்டு முடிச்சிட்டன் போல." நேசமலரின் கண்ணால் நீர் வடிந்தது. "எனக்கு அம்மாவின்ர வருத்தம் தொடங்கீற்றுது. இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டார்."

ஐயாத்துரை கட்டிலை மறைத்த திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். கால் வழக்கம்போல வாசலைப் பார்த்துத் திரும்பியது. அதை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவள் ஒண்டும் மறக்கேல்ல, டொக்டர். நான்தான் எடுத்தனான். வாய்க்காலைப் பூட்டினா முட்டு நிக்குமெண்டு..."

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் எழும்பிப் போகாட்டி அண்டைக்கே சொல்லியிருப்பன் ஐயா. மூச்சுக்குழாய்த் தசைக்கு வெளியால வாற வாய்க்கால் மட்டுமில்லை. வயலுக்குள்ளயே கிணறு இருக்கிற மாதிரி, கல்சியம் தசைக்குள்ளயே சேர்ந்து கிடக்கு. இறுகிறதுக்கு அதுதான் முக்கியம். துருசைப் பூட்டி என்ன பிரயோசனம்? அதாலதான் அந்தக் குளிசை முட்டுக்குச் சரிவராது. உங்களுக்குப் பம்ப்தான் மருந்து."

கிணற்றுக் கதை எதுவும் நேசமலரின் காதில் ஏறவில்லை. அவள் பாதி எழும்பியிருந்தாள்.

"அப்ப நான் மறக்கேல்லையோ?"

"இல்லை."

"கோடெல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி."

சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உயிர் திரும்பி வந்த அழுகை அது. அது ஓய்ந்த பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"பதினைஞ்சு நாளா நான் பேரப்பிள்ளையளின்ர பேரைப் பாடமாக்கினனான். நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

ஐயாத்துரை கட்டிலோரக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். "இன்னும் சொல்லு நேசம். நீ சொல்லி முடியுமட்டும் நான் இருக்கிறன்."

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். பிறசர் இறங்கப் பின்னேரமாகிவிட்டது. அதுவரை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் எழும்பவில்லை.